பா: நெசவிலும் செய்யுளிலும் வழங்கும் ஒரு சொல்

பா தமிழின் ஓரெழுத்து ஒருமொழிகளுள் ஒன்று. நன்னூல் இவ்வகைச் சொற்களில் சிறப்புடையவையாக 42-ஐக் கணக்கிடுகிறது. அவற்றுள் பகர வரிசையைச் சேர்ந்தவை பா, பூ, பே, பை, போ ஆகிய ஐந்து. நெசவில், தறியின் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் இழைகளின் தொகுதி பா எனப்படும். இலக்கணத்தில் அதுவே செய்யுளின் பெயர். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற சின்ன காஞ்சிபுரம், வெண்பாவில் அந்தாதி பாடிய பொய்கையாழ்வாரின் பிறப்பிடமாகவும் போற்றப்படுவதால், இரு வழக்குகளையும் ஒருசேர அறிந்த ஊர்.

பரவுதல், பரப்புதல் என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். பாவு என்னும் வினை இப்பொருளை இன்றும் தெளிவாகக் காட்டுகிறது. உழவர் நாற்றங்காலில் விதையைப் பரவலாகத் தூவுவது நாற்றுப் பாவுதல். தரையில் கல்லை அடுக்கிப் பரப்புவது கல் பாவுதல். கோயில் பிராகாரங்களைக் ‘கல் பாவிய தரை’ என்று சொல்வது இதனால்தான். தேவர்களின் கால் நிலத்தில் பாவாது என்ற பழைய நம்பிக்கையிலும் இதே வினை, படிதல் என்ற பொருளில் வருகிறது. கன்னடத்தில் ஹாசு என்ற சொல்லுக்கு விரித்தல் என்றும், நெசவின் நெடுக்கு இழை என்றும் பொருள் உண்டு. மலையாளத்திலும் நெசவுச்சொல் பாவு என்றே வழங்குகிறது. மொழிகளுக்கிடையிலான இந்த ஒற்றுமை, நெசவுப் பொருள் மிகப் பழையது என்பதற்கு வலுவான சான்று.

காஞ்சிபுரத்து நெசவாளர் பேச்சில் பா என்பது பாவு என்றே ஒலிக்கும். பூ பேச்சுவழக்கில் பூவு ஆவதைப் போன்ற மாற்றம் இது. குறுக்கே செல்லும் இழை ஊடை அல்லது ஊடு. விரிந்து கிடக்கும் இழைகளின் ஊடே நாடா நுழைந்து செல்வதால் அது ஊடு. அதற்கு இடம்கொடுத்து நீண்டு கிடப்பது பாவு. ‘ஊடும் பாவும்’ என்ற தொடரில் தறியின் இயக்கமே அடங்கியிருக்கிறது.

பாவுக்கான பட்டு இழைக்கு ஊடை இழையைவிட முறுக்கு அதிகம். தறியில் எப்போதும் விறைப்பாக நின்று, அச்சின் உராய்வை ஒவ்வொரு அடியிலும் தாங்க வேண்டியது பாவுதான். சாயம் ஏற்றிய பாவை வெயில் ஏறுவதற்கு முன்பே தெருவுக்குக் கொண்டுவந்து நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். இழைகளுக்கு இடையே மூங்கில் குச்சிகளைச் செருகி, அரிசிக் கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிந்து, ஒட்டிக்கொண்ட இழைகளைக் கையால் பிரித்துவிடுவார்கள். வீட்டார் மட்டுமன்றி அண்டை வீட்டாரும் சேர்ந்து செய்யும் வேலை அது. காய்ந்ததும் பாவைச் சுருட்டித் தறிக்கு எடுத்துச் செல்வார்கள். முந்தைய பாவின் முனையில் எஞ்சிய இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பது பாவு பிணைத்தல். ஆயிரக்கணக்கான இழைகளை விரல் நுனியால் இணைக்கும் இந்த வேலைக்குப் பொறுமையும் கூர்ந்த கண்ணும் வேண்டும். உடலும் முந்தானையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் பேட்னி முறையில், சேலையின் நடுவிலேயே பாவின் நிறம் மாறுகிறது. அங்கும் பழைய இழையோடு புதிய இழையைப் பிணைத்தே நெசவு தொடர்கிறது. காஞ்சிபுரம் பட்டின் புகழைப் பேசுவோர் பெரும்பாலும் சரிகையைப் பேசுகிறார்கள். சேலையின் உறுதியில் பாவுக்கும் அதைப் பிணைக்கும் கைகளுக்கும் உள்ள பங்கு அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

சேலம் வட்டாரத்தில் இச்சொல்லிலிருந்து பாவடி என்ற இடப்பெயர் பிறந்தது. நெசவாளர்கள் பாவு நீட்டுவதற்காக விட்ட பொதுத்திடல் பாவடி. அங்கே ஊர்க்கூட்டமும் கூடியதால் செங்குந்தர்களின் ஊரவைக்கும் அதே பெயர் வழங்கியது. சேலத்தில் பள்ளிகளின் பெயரிலும் அது நிலைத்திருக்கிறது.

பாவாடை என்பதும் இதே குடும்பத்துச் சொல். பெரியோர் நடந்துவரத் தரையில் விரித்த துணிக்கும், தெய்வத்தின் முன் அன்னம் குவிக்க விரித்த துணிக்கும் முதலில் அப்பெயர் இருந்தது. முன்னதை நடைபாவாடை என்பார்கள். பெண்கள் இடுப்பில் கட்டும் உடையைக் குறிப்பதே இன்று பெருவழக்கு. விரித்துப் படுக்கும் பாயும் இவ்வடியைச் சேர்ந்ததாகவே தோன்றுகிறது. சின்ன காஞ்சிபுரத்துத் திருவெஃகாவில், திருமழிசையாழ்வார் சொன்னதற்கு இணங்கித் தம் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டு, அவர் திரும்ப அழைத்ததும் வந்து மீண்டும் விரித்துக்கொண்ட பெருமாள், ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்று அழைக்கப்படுகிறார்.

செய்யுளைக் குறிக்கும் பாவும் இந்த அடியிலிருந்து வந்ததா என்பது சுவையான கேள்வி. தொல்காப்பியச் செய்யுளியலுக்கு உரை எழுதிய பேராசிரியர் இதற்கு அருமையான விளக்கம் தருகிறார். தொலைவில் ஒருவர் செய்யுள் ஓதுகிறார். எழுத்தும் சொல்லும் காதில் தெளிவாக விழவில்லை. ஆனாலும் அது இன்ன செய்யுள் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரியவைக்கும், பரந்து செல்லும் ஓசையே பா என்பது அவர் கருத்து. ஆசிரியப்பாவின் அகவலும், வெண்பாவின் செப்பலும், கலிப்பாவின் துள்ளலும், வஞ்சிப்பாவின் தூங்கலும் ஓசையால்தான் வேறுபடுகின்றன. ஆகவே இவ்விளக்கம் யாப்பின் இயல்போடு நன்கு பொருந்துகிறது. சொற்பிறப்பாக இது உறுதியானது என்று சொல்ல முடியாவிட்டாலும், பொருத்தம் கவர்கிறது: பரந்த இழையும் பா, பரந்த ஓசையும் பா.

நால்வகைப் பாக்களில் இரண்டு காஞ்சி வட்டாரத்தோடு நேரடித் தொடர்புடையவை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் புகழும் பெரும்பாணாற்றுப்படை, 500 அடி கொண்ட ஆசிரியப்பா. அதைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட திருமாலும் அதில் இடம்பெறுகிறார். பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதி 100 வெண்பாக்களால் ஆனது. பிற்காலத்தில் தாழிசை, துறை, விருத்தம் ஆகிய பாவினங்கள் பெருகி, விருத்தம் காப்பியங்களின் வடிவமாயிற்று. பாவலர், பாவேந்தர், பாமாலை போன்ற தொடர்கள் செய்யுட்பொருளில் கிளைத்தவை. 20ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டு வடிவங்களுக்குப் பெயர் சூட்டவும் இச்சொல் உதவியது. ஹைக்கூ துளிப்பா ஆனது. லிமரிக் வடிவத்தைக் குறும்பா என்ற பெயரில் இலங்கைக் கவிஞர் மஹாகவி தமிழில் நிலைநாட்டினார்.

‘வாப்பா’, ‘சரிப்பா’ என்று பேச்சில் ஒட்டிவரும் பா வேறு சொல். அது அப்பா என்ற விளியின் குறுக்கம். தந்தையையும் மகனையும் நண்பரையும் அழைக்கப் பயன்படும் இதற்கு, நெசவுப் பாவோடும் செய்யுட்பாவோடும் உறவு இல்லை.