நிலாவுக்குப் போன ஆரஞ்சு ஜூஸ்

போன வருஷம் எங்க அப்பாவுக்குக் கால் ரெண்டும் துவண்டு போச்சு. படி ஏற முடியல. வயசாயிடுச்சுன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். ரத்தம் எடுத்துப் பார்த்தா, பொட்டாசியம் 2.8. குறைஞ்சது 3.5 இருக்கணும். பொட்டாசியம் சிரப்பைக் குடிச்சு அவர் முகம் சுளிச்சப்போ, எனக்கு ஜான் யங் ஞாபகம் வந்தார். இன்னைக்கு அந்தக் கதைதான்.

1971 ஜூலை 26. அப்போலோ 15 கிளம்புகிறது. டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் நிலாவில் இறங்கி, மூன்று தடவையாகப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வேலை செய்தார்கள். இர்வினுடைய உடையில் இருந்த குடிநீர்ப் பை வேலை செய்யவே இல்லை. அவ்வளவு வியர்வை, ஒரு வாய் தண்ணி கிடையாது.

திரும்பும் வழியில் ஹூஸ்டன் மருத்துவர்கள் ஈசிஜியைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். இதயத் துடிப்பு தாளம் தப்பியிருந்தது. ஆனா பாருங்க, விண்கலத்தில் இருந்தவர்களிடம் அப்போது அதைச் சொல்லவில்லை!

பூமிக்கு வந்தபின் பரிசோதித்ததில் ரெண்டு பேருக்கும் பொட்டாசியம் குறைந்திருந்தது. இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கவும் செல்லுக்குள்ளே வெளியே பொட்டாசியம் போய்வர வேண்டும். அது குறைந்தால் தாளம் தப்பும்.

அதனால் 1972 ஏப்ரலில் போன அப்போலோ 16 குழுவுக்குப் பொட்டாசியம் கலந்த ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். குடித்துக் குடித்து வயிற்றில் வாயு. தளபதி ஜான் யங் நிலாவில் உட்கார்ந்து அதைப் பற்றிப் புலம்ப, மைக் ஆன்ல இருந்ததால பூமி முழுக்கக் கேட்டுது! ஆனால் அந்தப் பயணத்தில் கவலைப்படும் அளவுக்கு இதயத் தாளம் தப்பவில்லை.

கதை இதோட முடிஞ்சுதா? இல்லை. 1973-ல் இர்வினுக்கு மாரடைப்பு. வயது 43. அவருடைய இதய ரத்தக் குழாயில் முன்பே நோய் இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் பிறகு கருதினார்கள். பொட்டாசியக் குறைவு மட்டுமே காரணம் இல்லை.

அப்பாவோட டாக்டரும் சிரப்போட நிறுத்தல. "டேங்க் ஒழுகினா தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பீங்களா? ஓட்டையைத் தேடணும்ல?"ன்னார். பிரஷருக்காக அப்பா சாப்பிட்ட நீர் பிரியிற மாத்திரைதான் ஓட்டை. அதை மாத்தினார். ஒரு மாசத்துல அப்பா மாடி ஏறினார்.

ஒண்ணு மட்டும்: நீங்களா பொட்டாசியம் வாங்கிக் குடிக்காதீங்க. கூடினாலும் இதயத்துக்கு ஆபத்துதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.