வியாசர்பாடிக் கால்பந்துக் குழுவின் வரலாறு

வியாசர்பாடி, வடசென்னையில் பெரம்பூருக்கும் பேசின் பாலத்துக்கும் இடையே அமைந்த உழைக்கும் மக்களின் குடியிருப்புப் பகுதி. பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் நினைவாக இங்குள்ள ரயில் நிலையம் வியாசர்பாடி ஜீவா எனப் பெயர் பெற்றது. கால்பந்து ஆர்வலர்கள் இப்பகுதியைச் 'சின்ன பிரேசில்' என்று அழைப்பதுண்டு. இங்கு 1997-இல் தொடங்கப்பட்ட குடிசைப்பகுதிச் சிறார் விளையாட்டுத் திறன் மற்றும் கல்வி மேம்பாட்டுச் சங்கம், தமிழ்நாட்டின் சிறிய அமெச்சூர் கால்பந்துக் குழுக்களின் வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது.

பின்னணி

ஆங்கிலேயப் படைவீரர்களும் ரயில்வே அலுவலர்களும் கால்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். சிம்லாவில் 1888-இல் டூரண்டு கோப்பைப் போட்டி தொடங்கியது. அடுத்த ஆண்டு கொல்கத்தாவில் மோகன் பகான் சங்கம் பிறந்தது. அச்சங்கத்தின் வீரர்கள் 1911-இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். இந்த ஆட்டத்துக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை என்பதை நாடறியச் செய்த வெற்றி அது.

சென்னையில் இந்த ஆட்டம் வேர்கொள்ள ஏற்ற மண் வடசென்னையில் இருந்தது. பெரம்பூரில் ரயில்வே பட்டறை 1856-இல் அமைந்தது. பக்கிங்காம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தொடங்கப்பட்டன. மக்கள் இவற்றைச் சேர்த்து 'பி அண்டு சி மில்' என்றனர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் இந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான் உருவானது. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 1955-இல் முதல் பெட்டி தயாரானது. ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வாழ்ந்த தெருக்களில் கால்பந்து, கேரம், குத்துச்சண்டை ஆகிய மூன்றும் வளர்ந்தன. கேரம் ஆட்டத்தில் 2008-இல் உலக வாகையர் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடியைச் சேர்ந்தவர்.

தோற்றம்

பி அண்டு சி ஆலை 1996-இல் மூடப்பட்டது. நூற்றாண்டுக்கும் மேலாகத் தலைமுறைகளுக்கு வேலை தந்த ஒரு வாயில் அடைபட்டது. பள்ளியை இடையில் நிறுத்தும் சிறுவர்கள், கூலி வேலைக்குச் செல்லும் சிறுவர்கள், தெருச் சண்டைகளில் சிக்கும் இளைஞர்கள் எனப் பகுதிக்குப் பெரும் கவலைகள் இருந்தன. 'வியாசர்பாடி' என்று முகவரி எழுதினாலே ஐயத்துடன் பார்க்கும் மனப்போக்கு வெளியில் இருந்தது.

ஆலை மூடப்பட்ட மறு ஆண்டில் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் இச்சங்கத்தைத் தொடங்கினர். அதே பகுதியின் பிள்ளைகளைத் திரட்டி, முல்லை நகர் திடலில் கட்டணமின்றிக் கால்பந்து கற்பித்தனர். சங்கத்தின் பெயரிலேயே 'கல்வி' என்ற சொல் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. பந்தின் மீதுள்ள ஆசையால் திடலுக்கு வரும் பிள்ளையைப் பள்ளியிலும் நிலைநிறுத்த வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். எனவே ஆட்டப் பயிற்சியுடன் பாடம் சொல்லித் தருவதும் சங்கத்தின் பணியாயிற்று. பின்னர்ச் சிறுமியரும் பயிற்சிக்கு வந்தனர். பெண்பிள்ளைகள் அரைக்காற்சட்டை அணிந்து திடலில் ஓடுவதை ஏற்கத் தயங்கிய தெருக்களில் இது சிறிய மாற்றம் அன்று.

வீரர்களும் வாய்ப்புகளும்

வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் நடுக்கள வீரராக இந்தியன் சூப்பர் லீக் வரை உயர்ந்தார். பெங்களூருவில் 2018 மார்ச் 17 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் 3-2 என்ற கணக்கில் வென்று இரண்டாம் முறை வாகை சூடிய சென்னையின் எஃப்.சி. அணியில் அவர் இடம்பெற்றிருந்தார்.

எனினும், இத்தகைய குழுவை உச்சிக்குச் சென்ற ஒருவரைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. திடலுக்கு வரும் நூறு பிள்ளைகளில் தொழில்முறை வீரராவோர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களுக்கு ஆட்டம் எதைத் தந்தது என்பதே முதன்மையான கேள்வி. முன்பு அதற்கு ஒரு விடை இருந்தது. ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, கணக்காயர் அலுவலகம் போன்ற நிறுவனங்கள் சென்னை லீக்கில் அணிகளை நடத்தின. நன்றாக ஆடும் இளைஞருக்கு நிலையான வேலை கிடைத்தது. 1990-களுக்குப் பின் இத்தகைய ஆளெடுப்பு குறைந்தது. இன்று கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடமும், அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடும் எஞ்சிய வழிகள். இவ்விரண்டுக்கும் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். ஆட்டத்தையும் படிப்பையும் சேர்த்தே தொடங்கிய சங்கத்தின் தொலைநோக்கு இங்கு விளங்கும்.

தொழிற்சாலையும் கால்பந்தும்

தொழிற்பகுதியில் கால்பந்துக் குழு பிறப்பது உலகெங்கும் காணப்படும் வழக்கம். மான்செஸ்டர் யுனைடெட், 1878-இல் நியூட்டன் ஹீத் என்னுமிடத்து ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. ஆர்சனல், 1886-இல் உல்லிச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. வெஸ்ட் ஹாம், 1895-இல் தேம்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. பட்டறை, பக்கத்தில் குடியிருப்பு, நடுவே ஒரு வெற்றிடம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடங்களில் குழுக்கள் பிறந்தன.

இன்று தமிழ்நாட்டின் புதிய தொழிற்பகுதி திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இலும் உற்பத்தியைத் தொடங்கின. வடக்குப்பட்டு போன்ற ஊர்கள் இவ்வட்டாரத்துக்குள் அமைந்துள்ளன. ஆனால் பழைய வடசென்னைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே தொழிலாளர் ஆலையின் அருகில் குடும்பத்தோடு தலைமுறையாக வாழ்ந்தனர். இங்கே பலர் நிறுவனப் பேருந்தில் தொலைவிலிருந்து வருகின்றனர். ஒப்பந்தம் முடிந்ததும் வேறிடம் செல்கின்றனர். ஒரு குழுவுக்கு வேண்டிய தொடர்ச்சியை அவர்களிடம் எதிர்பார்க்க இயலாது. அதைத் தரக்கூடியவர்கள் ஊரின் சொந்தப் பிள்ளைகளே.

அவர்களுக்கு முதலில் வேண்டியது இடம். 100 மீட்டர் நீளமும் 64 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு முழுத் திடலுக்கு ஏறத்தாழ 1.6 ஏக்கர் போதும். ஒரு பெரிய ஆலை வளைக்கும் நிலத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. ஆனால் மனை விலை ஏறும் ஊரில், விளையாட்டுத் திடல் என்று எழுத்தில் குறிக்கப்படாத வெற்றிடம் நெடுங்காலம் வெற்றிடமாக இராது. ஊராட்சிப் பதிவேட்டில் திடலுக்கு ஒரு பெயர் இருப்பது, கோப்பைகள் வைக்கும் அலமாரி இருப்பதைவிட முந்தைய தேவை.

மதிப்பீடு

வியாசர்பாடிக் குழு பெருநிறுவனம் ஒன்றின் ஆதரவில் தோன்றவில்லை. ஓர் ஆலை மூடப்பட்ட பகுதியில், ஒரு திடலையும் சில பந்துகளையும் இருவரின் நேரத்தையும் கொண்டு தோன்றியது. பயிற்சியாளர் நாள்தோறும் வருவது, பிள்ளை பள்ளியை விடாதிருப்பது, திடல் கைவிட்டுப் போகாதிருப்பது ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு சிறிய குழு நிலைத்து நிற்கும். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்ற இரண்டும் நெடுநாள் தாங்கா.