உந்தமும் கணத்தாக்கும்

'உந்து' என்னும் பழந்தமிழ் வினையடியாகப் பிறந்த 'உந்தம்', பௌதிக சாஸ்திரத்தில், ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கி வரும் அளவைக் குறிக்கும். 1687-இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில் நியூட்டன் இதனையே இயக்கத்தின் அளவு என்று வழங்கினார். அவ்வுந்தத்தை மாற்றுவது கணத்தாக்கு, அதாவது விசையையும் அது செயற்படும் காலத்தையும் பெருக்கி வரும் பலன்; 'க்ஷணம்' என்ற வடசொல்லின் திரிபாகிய 'கணம்' இங்கே முன்னிற்பது வெகு பொருத்தமே, ஆயினும் அக்கணம் நீளவும் கூடும் என்பதை மாணாக்கர் மறத்தலாகாது. வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் 160 கிராம் கிரிக்கெட் பந்தின் உந்தம் வினாடிக்கு 4.8 கிலோகிராம் மீட்டர், அதனை 0.01 வினாடியில் தடுத்து நிறுத்தும் கை சராசரியாக 480 நியூட்டன் விசையைத் தாங்க நேரிட, பந்தோடு கையையும் பின்னிழுத்து அந்நேரத்தை 0.1 வினாடியாக்கும் தேர்ந்த ஆட்டக்காரனோ 48 நியூட்டனையே தாங்குகிறான்.