குவியலிலிருந்து எக்ஸ் வரை

ஒரு குவியல். அதன் ஏழில் ஒரு பங்கை அதோடு சேர்த்தால் 19. குவியல் எவ்வளவு?

எகிப்தில் அகமோசு என்ற எழுத்தர் கி.மு. 1550 வாக்கில் பாப்பிரஸ் சுருளில் எழுதி வைத்த கணக்கு இது. சொந்தச் சரக்கு அல்ல, பழைய ஏடு ஒன்றைப் பார்த்துப் படியெடுத்தது என்று அவரே குறித்திருக்கிறார். 1858-இல் அலெக்சாண்டர் ஹென்றி ரைண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லக்சரில் விலைக்கு வாங்கிய அந்தச் சுருள் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதிலுள்ள எண்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளில் இது 24-ஆவது.

அகமோசு முதலில் தனக்கு வசதியான ஓர் எண்ணை விடை என்று வைத்துக்கொள்கிறார்: 7. ஏழில் ஒரு பங்கு எடுக்கப் பிசிறே இருக்காது அல்லவா? 7-உம் 1-உம் 8. வேண்டியதோ 19. எட்டை எத்தனை மடங்காக்கினால் 19? இரண்டு மடங்கு 16, கால் மடங்கு 2, அரைக்கால் மடங்கு 1. கூட்டினால் 19 வந்துவிட்டது. ஆக, இரண்டே காலே அரைக்கால் மடங்கு. ஏழையும் அதே கணக்கில் பெருக்கினால் பதினாறரையே அரைக்கால். அதன் ஏழில் ஒரு பங்கைக் கூட்டி, 19 வருகிறது என்று சரிபார்த்தும் காட்டிவிடுகிறார். மூன்றில் இரண்டைத் தவிர மற்ற பின்னங்களை எல்லாம் எகிப்தியர் இப்படி ஒற்றைப் பங்குகளாகவே பிரித்து எழுதினார்கள். கால், அரைக்கால், மாகாணி என்று வாய்பாடு சொன்ன நம் பாட்டன்மாருக்கு 16.625-ஐவிட இந்த விடைதான் சட்டென்று பிடிபட்டிருக்கும்.

இந்த உத்தி நீண்ட ஆயுள் கொண்டது. பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில் இஷ்ட கர்மம் என்ற பெயரில் வருகிறது. தாமரைப் பூக்களில் மூன்றில் ஒரு பங்கு சிவனுக்கு, ஐந்தில் ஒரு பங்கு திருமாலுக்கு, ஆறில் ஒரு பங்கு சூரியனுக்கு, கால் பங்கு தேவிக்கு, மிச்சம் 6 பூ குருவுக்கு. மொத்தம் 60 என்று வைத்துப் பாருங்கள்: 20, 12, 10, 15 போக மிச்சம் 3. வேண்டியது 6, அதாவது இரு மடங்கு. விடை 120. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தராதது எனக்கு ஒரு குறைதான்.

ஆனால் இது மாட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. ஓர் எண்ணைப் 14 மடங்காக்கி 15 சேர்த்தால் 71. எண்ணை 2 என்று வைத்தால் 43 வருகிறது. 4 என்று இரட்டித்தால் 86 வர வேண்டாமா? 71 தான் வருகிறது. கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் 15 எதற்கும் மடங்காவதில்லை. சீனாவின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணக்கு நூல் இரண்டு எண்களை வைத்துப் பார்த்து, இரண்டின் பிழைகளையும் கொண்டு இதைச் சமாளித்தது. கெட்டிக்காரத்தனமான வழி, ஆனால் நீளம்.

இன்னொரு வழி, அந்த 15-ஐயே அப்புறப்படுத்துவது. ஆரியபட்டர் 499 வாக்கில் அதற்கு விதி சொன்னார்: இருவரிடமும் சில மணிகளும் கொஞ்சம் காசும் இருக்கின்றன, மொத்த மதிப்பு சமம் என்றால், காசின் வித்தியாசத்தை மணிகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு மணியின் விலை. சுமார் 820-இல் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி இதையே முறையாக்கினார்: ஒரு பக்கம் குறைபட்டிருப்பதை இரு பக்கமும் கூட்டி நிரப்பு, இரு பக்கமும் பொதுவாக இருப்பதை இரு பக்கமிருந்தும் எடு. அவர் நூலில் ஒரு குறியீடும் கிடையாது. எண்களைக்கூடச் சொற்களாகவே எழுதினார்.

சமக்குறி வரப் பின்னும் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வேல்ஸ் நாட்டு மருத்துவர் ராபர்ட் ரெக்கார்ட், "சமம்" என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், 1557-இல் இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அதைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். இன்றைய சமக்குறியைவிட அந்தக் கோடுகள் வெகுநீளம். அவர் அதைப் போட்டு எழுதிய முதல் சமன்பாடுதான் மேலே நாம் பார்த்த 14-15-71 கணக்கு. மறு ஆண்டே மனிதர் சிறையில் இறந்துபோனார். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்ற எழுத்தை நிலைநிறுத்தியது 1637-இல் வெளிவந்த, கணித அறிஞர் தெக்கார்த்தின் நூல்.

இப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளை இதை மூன்று வரியில் முடிக்கிறது. 14 எக்ஸ் + 15 = 71. இரு பக்கமும் 15-ஐக் கழித்தால் 14 எக்ஸ் = 56. இரு பக்கத்தையும் 14-ஆல் வகுத்தால் எக்ஸ் = 4. அல்-குவாரிஸ்மி பார்த்தால் தன் கணக்கு என்றே அடையாளம் கண்டுகொள்வார். ஆனால் வகுப்பில் காதில் விழுவது வேறு: "பதினஞ்சு அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்." எந்த எண்ணும் எங்கேயும் போவதில்லை. இரு பக்கமும் கழிபட்டது, இங்கே அழிந்து அங்கே குறைந்தது, அவ்வளவுதான். அந்த நடு வரியை அவசரத்தில் விட்டுவிட்டு மந்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, 7 எக்ஸ் = 21 என்று வந்ததும் ஏழையும் அந்தப் பக்கம் அனுப்பி, குறியை மாற்றி, 14 என்று எழுதிவிட்டு வந்து நிற்கும். நீங்கள்தானே சார் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், அதற்கு மார்க் குறைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.