பெண்டில்பரி, ஜான் டெவிட் ஸ்ட்ரிங்ஃபெல்லோ (1904–1941)

ஆங்கிலேயத் தொல்பொருள் அறிஞர். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் சேனையின் காப்டனாகக் கிரீட் தீவில் பணியாற்றி, அங்கேயே உயிர் நீத்தவர். லண்டனில் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டவராயினும், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கிரேக்க, லத்தீன் கல்வியில் தேர்ச்சி பெற்ற காலத்திலேயே உயரத் தாண்டுதலிலும் கீர்த்தி பெற்றார்.

முப்பது வயது நிரம்புமுன்பே, ஆர்தர் எவான்ஸ் தோண்டி வெளிப்படுத்திய நோசோஸ் அரண்மனையின் காப்பாளர் பதவியும், அகெனாதென் மன்னனின் தலைநகராயிருந்த எகிப்திய அமர்ணாவின் அகழ்வாராய்ச்சித் தலைமையும் ஒருங்கே இவரிடம் வந்து சேர்ந்தன. ஆயினும், ஏட்டிலும் மண்ணிலும் பெற்ற பாண்டித்தியத்தைவிடக் காலால் நடந்து பெற்ற அறிவே இவரது தனிச்சொத்து என்று சொல்லத் தோன்றுகிறது. கிரீட்டின் மலைகளையும் கணவாய்களையும் ஆண்டுதோறும் நடந்தே கடந்து, இடையர்களுடன் உண்டு உறங்கி, அவர்களுடைய வட்டாரப் பேச்சையே பேசப் பழகிய இவர், 1939இல் வெளியிட்ட ‘கிரீட்டின் தொல்லியல்’ என்னும் பெருநூலில் ஊருக்கு ஊர் நடந்து செல்ல ஆகும் நேரத்தைக்கூடக் குறித்து வைத்தார்.

யுத்தம் மூண்டபின் அந்த அறிவே இராணுவத்துக்கு வேண்டியதாயிற்று. 1940இல் ஹெராக்லியோன் நகருக்கு உதவி கான்சல் என்ற பெயரில் அனுப்பப்பட்ட இவருடைய மெய்யான வேலை, மலைநாட்டுத் தலைவர்களைத் திரட்டி, பகைவர் தீவில் இறங்கினால் எதிர்ப்பதற்கு ஆயத்தம் செய்வதே. இத்தாலி கிரேக்க நாட்டின்மேல் படையெடுத்ததும், பதவி வேஷத்தைக் களைந்து காப்டன் உடுப்பில் வெளிப்பட்டார். தீவின் வாலிபர்கள் அடங்கிய கிரீட் டிவிஷன் அல்பேனியப் போர்முனைக்குப் போய்விட, எஞ்சியோர் கையில் போதிய துப்பாக்கிகளும் இல்லாத நிலையில் நடந்த ஆயத்தம் அது.

1941 மே 20 அன்று ஜெர்மானியப் பாராசூட் படை வானிலிருந்து இறங்கியது. மறுநாள் ஹெராக்லியோனின் கானியா வாயிலுக்கு அப்பால் நடந்த சண்டையில் படுகாயமுற்றுக் குடிசையொன்றில் கிடந்த இவரை, முதலில் ஜெர்மானிய வைத்தியர் ஒருவரே சிகிச்சை செய்து காத்தார். பின்னர் வந்த வீரர்களோ 22ஆம் தேதி வெளியே கொணர்ந்து சுட்டுக் கொன்றனர். இவரது சமாதி சூடா விரிகுடாப் போர்க் கல்லறையில் உள்ளது. அமர்ணா அகழ்வு அறிக்கையின் மூன்றாம் பாகம் 1951இல்தான் அச்சேறியது.