துட்டு

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தை அடுத்த சாலையோரத்தில் இட்லி விற்கும் முதிய அம்மையார் ஒருவர், சிப்காட் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டுக்கு விரைந்து செல்லும் தொழிலாளர் எவராயினும், அவர் தமிழ் பேசுபவராயினும் ஒடியாவோ இந்தியோ பேசுபவராயினும், “நைனா, துட்டு குடுத்துட்டுப் போ” என்றே கேட்பார். பணம் என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. துட்டு என்பது சென்னைக் கொச்சை என்றும், எழுத்தில் வரத் தகாத இழிவழக்கு என்றும் கருதுவோர் பலர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் அச்சொல்லின் வரலாற்றை ஆராயப் புகுந்தபோது, அதன் பிறப்பிடத்தைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை என்பதும், அந்த அம்மையார் அமர்ந்திருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரையிலேயே அதன் சுவடு கிடக்கிறது என்பதும் தெரியவந்தன.

பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டில் 1610ஆம் ஆண்டு வியாபாரம் செய்ய அனுமதி பெற்ற டச்சுக்காரர், 1613இல் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையை எழுப்பி, சோழமண்டலக் கரையில் தமக்கிருந்த வியாபார நிலையங்கள் அனைத்திற்கும் அதனையே தலைமையிடமாக்கிக் கொண்டனர். 1690இல் தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறும் வரையில் துணியும் வெடிமருந்தும் அங்கிருந்து கப்பலேறின; எழுதவே மனம் கூசினும் சொல்லத்தான் வேண்டும், பஞ்சத்தில் விலைப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். தம் கம்பெனியின் முத்திரை பொறித்த செம்புக் காசுகளையும் டச்சுக்காரர் அவ்வூரில் அடித்து வழங்கினர். கோட்டை அழிந்து மண்மேடாகிவிட்டது. அவர்களுடைய கல்லறைகள் இன்றும் நிற்கின்றன.

அந்த டச்சுக்காரர்களின் தாய்நாட்டில் மிகச் சிறிய செம்பு நாணயத்திற்கு ‘டாய்ட்’ என்று பெயர். எட்டு டாய்ட் ஒரு ஸ்டைவர்; நூற்றறுபது டாய்ட் ஒரு கில்டர். பதினெட்டாம் நூற்றாண்டில் கீழைநாடுகளுக்கென்றே தனியாக அடிக்கப்பட்ட டாய்ட்டுகள் இலங்கையிலும் ஜாவாவிலும் ஏராளமாகப் புழங்கின. நம் துட்டு இந்த டாய்ட்டின் திரிபே என்பது அகராதியாளர் கொள்கை. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘துட்டு’ போன்ற வடிவம் வழங்குவதைக் காட்டி இக்கொள்கையை ஐயுறுவதற்கும் இடமுண்டு; டச்சுக்காரர் ஆளாத மைசூர்ச் சீமையின் உள்நாட்டுக்கு அச்சொல் எவ்வாறு போயிற்று என்று கேட்கலாம். என் அபிப்பிராயத்தில் அது பெரிய தடையன்று. நாணயம் ஓரிடத்தில் நில்லாத வஸ்து. அது போகும் இடமெல்லாம் அதன் பெயரும் உடன் போகும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்த செம்பு நாணயத்திற்கு ‘டூடு’ என்று பெயரிட்டு, அதன்மேல் புதுச்சேரி என்று தமிழ் எழுத்திலேயே பொறித்தனர். சென்னையில் ஆங்கிலக் கம்பெனியாரின் பத்துக் காசு நாணயத்திற்கும் அதே பெயர் வழங்கிற்று. மூன்று ஐரோப்பியக் கம்பெனிகள் ஒன்றையொன்று பகைத்து நின்ற கரையில், அம்மூன்றின் சில்லறைக்கும் சந்தையில் இருந்தவர்கள் ஏறக்குறைய ஒரே பெயரை வைத்துக்கொண்டார்கள்.

இங்கே நான் வாசகரை நிறுத்திக் காட்ட விரும்பும் விஷயம் ஒன்றுண்டு. துட்டு என்பது மிகச் சிறிய நாணயத்தின் பெயர். இன்று அது செல்வம் முழுவதற்கும் பெயர். “அவனிடம் துட்டு நிறைய இருக்கிறது” என்றால் செம்புச் சல்லிகளை அவன் குவித்து வைத்திருக்கிறான் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. இவ்வளர்ச்சி துட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. காசு என்பதும் அப்படியே, பணம் என்பதும் அப்படியே.

காசு என்ற சொல் நாணயமாவதற்கு முன்பே தமிழில் வாழ்ந்தது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார், கிளி தன் வளைந்த அலகில் கவ்விய வேப்பம்பழத்திற்கு, புதுநூலில் கோப்பதற்காகக் கூரிய நகத்திடையே பிடித்த பொன் அணியின் காசினை உவமை கூறுகிறார். அங்கே காசு என்பது அணிகலனின் ஓர் உறுப்பு. இன்றும் நம் பெண்டிர் அணியும் காசுமாலையில் அப்பொருள் மறையாதிருக்கிறது. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு இலக்கணிகள் வகுத்த நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாகவும் அது அமர்ந்துவிட்டது. சோழர் கல்வெட்டுக்களில் ஈழக்காசு என்றும் பழங்காசு என்றும் கோயிற் கணக்குகளில் ஏறிற்று. பின்னர் மெல்ல மெல்ல இறங்கி, கம்பெனியார் காலத்தில் எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்னும் சென்னை வாய்பாட்டில், மூவாயிரத்து முந்நூற்றறுபதில் ஒரு பங்காக ஆயிற்று. அந்தக் காசுகளைக் கம்பெனியார் இங்கிலாந்தில் பர்மிங்காமிலேயே அடித்துக் கப்பலில் ஏற்றி அனுப்பியதுண்டு. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் நம் காசுகளைச் சுமந்துகொண்டு புறப்பட்டு, ஆங்கிலக் கரையிலேயே மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. கூலிக்காரன் கைக்கு வரவேண்டிய சில்லறை அக்கடலடியில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, நம் காலத்தில்தான் வெளிப்பட்டது.

ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற சொல்லும் நம் காசிலிருந்து போனதே என்று மேடைகளில் பெருமையாகச் சொல்லக் கேட்கிறோம். அது முழு உண்மையன்று. ரொக்கம் என்னும் பொருளுடைய சொல் பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. நம் காசு போர்த்துக்கீசியர் வாயில் திரிந்து, சென்னை முதல் சீனம் வரை சிறு செம்பு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு ‘கேஷ்’ ஆயிற்று. உருவம் ஒன்றாகிவிட்ட இரு வேறு சொற்கள் அவை. தமிழுக்கு உரிய பெருமையே போதியது. இல்லாததைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கில்லை.

பணம் என்பதோ வடமொழிச் சொல்லாய் வந்து, விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவினதான மெல்லிய பொற்காசுக்குப் பெயராகி, அதன்பின் செல்வத்திற்கே பொதுப்பெயராயிற்று. இதற்கு மாறாக, வராகன், மாடை, மோகரா முதலிய பெருநாணயங்களின் பெயர்கள் இன்று எங்கே? கல்வெட்டிலும் சரித்திர நாவலிலும் அல்லாது அவற்றைக் காண இயலாது. பெரிய நாணயத்தைக் கையால் தொட்டவர் சிலர். அவர்களோடு அப்பெயர்கள் மறைந்தன. சிறிய நாணயத்தை நாள்தோறும் வாங்கிக் கொடுத்தவர் கோடானுகோடிப் பேர். அவர்கள் தம் கை அறிந்த பொருளின் பெயரையே செல்வத்திற்கும் இட்டுவிட்டார்கள். தமிழில் செல்வத்தின் பெயர்களை வழங்கியவர்கள் ஏழைகளே என்று இதனால் துணிந்து கூறுவேன்.

அணாவின் கதையிலும் இதைப் போன்ற ஒரு விசேஷம் உண்டு. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஒரு அணா என்று வழங்கிய கணக்கை, 1957 ஏப்ரல் 1ஆம் தேதி சர்க்கார் மாற்றி, ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வகுத்தது. ‘நயா’ என்ற அடைமொழி 1964இல் நீங்கிற்று. ஓர் அணா ஆறேகால் பைசாவாயிற்று, இரண்டணா பன்னிரண்டரையாயிற்று, பின்னத்தில் சிக்கிய அப்பெயர்கள் சில ஆண்டுகளில் நாவிலிருந்து நழுவின. நாலணா சரியாக இருபத்தைந்து, எட்டணா சரியாக ஐம்பது. ஆகையால் இவ்விரண்டும் தப்பிப் பிழைத்தன. அணாவையே கண்ணால் காணாத பிள்ளைகளும் அதற்குப் பின் பல ஆண்டுகள் நாலணாவுக்கு மிட்டாய் வாங்கினார்கள். யுத்த காலத்து உலோகப் பஞ்சத்தில் 1943இல் நடுவில் துளையிட்டு வெளிவந்த ஓட்டைக் காலணாவைப் பார்த்தவர் இன்று அருகிவிட்டனர். காலணாவுக்குப் பெறாதவன் என்ற ஏச்சோ இன்னும் கூர்மை மழுங்காமல் இருக்கிறது.

நாலணாவின் முடிவும் வந்தது. 2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து காசும் அதனினும் சிறிய நாணயங்களும் செல்லா என்று மத்திய சர்க்கார் அறிவித்து, அதற்கு முந்தைய நாள்வரை வங்கிகளில் மாற்றிக்கொள்ள அவகாசம் அளித்தது. எஃகின் விலை நாணயத்தின் மதிப்பை விஞ்சியது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பழைய இரும்பை உருக்கும் உலைகள் இரவும் பகலும் எரியும் கும்மிடிப்பூண்டியில் இந்த நியாயத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அறிவிப்பு நியாயமானதே. மதிப்பிழந்த நாணயத்தைக் கட்டியழ வேண்டும் என்பது என் கட்சியன்று. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கடைக்காரர்கள் நாலணாவை வாங்க மறுத்துவிட்டனர். சர்க்கார் செய்தது ஏற்கெனவே இறந்துபோன நாணயத்திற்கு இறப்புச் சான்று வழங்கியதே.

நாணயத்தின் உயிர் கடைக்காரன் கையில் இருக்கிறது என்பது புதிய அநுபவமன்று. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளினார் என்றும், சம்பந்தர் பெற்ற காசு வாசிப்பட்டமையால், அதாவது கடைக்காரர் அதன் மதிப்பைக் குறைத்து ஏற்றமையால், அதை மாற்றிப் பண்டம் வாங்கி வர அடியாருக்குத் தாமதமாயிற்று என்றும், வாசி நீங்க அவர் பதிகம் பாடினார் என்றும் பெரியபுராணம் கூறும். இறைவனே கொடுத்த காசாயினும் கடைத்தெருவில் வட்டம் பிடித்தார்கள்!

இன்றைய வாசி இரு நாணயங்களைப் பற்றியது. ஐம்பது காசு நாணயம் சட்டப்படி இன்றும் செல்லும். எனினும் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தருகே அமாவாசையன்று வரிசையாக அமரும் இரவலரும் அதை வாங்கத் தயங்குவதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். தாங்கள் வாங்கினால் தங்களிடமிருந்து எவரும் வாங்குவதில்லை என்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. மற்றொன்று பத்து ரூபாய் நாணயம். பல வடிவங்களில் அது வெளிவந்திருப்பதால் கள்ள நாணயமோ என்ற வதந்தி எழுந்து, நம் நாட்டின் பல ஊர்களில் பேருந்திலும் கடையிலும் அதை மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. அதன் பின்னும் மறுப்பு முற்றும் ஒழியவில்லை.

இதனால் நஷ்டமடைபவர் யார்? சிறு நாணயம் மறையும்போது விலை அடுத்த நாணயத்தின் வாயிற்படிக்குத் தாவுகிறது. பத்து ரூபாய்த் தேநீர் பன்னிரண்டு ஆக வேண்டிய இடத்தில், சில்லறைக்கு எங்கே போவது என்று பதினைந்தாகிறது. மீதிக்கு மிட்டாய் கொடுக்கிறார்கள். கண்டக்டர் மீதியைச் சீட்டின் பின்புறம் எழுதித் தருகிறார், இறங்கும் அவசரத்தில் பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு இது கவனிக்கத் தகாத தொகை. நாள் கூலிக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஓர் அறையில் எண்மராய்த் தங்கி, மிச்சம் பிடித்ததை வீட்டுக்கு அனுப்புகிறவருக்கு, நாளொன்றுக்கு நான்கு இடங்களில் இவ்வாறு கழிவது ஒரு வேளை உணவு. அவரும் கடைக்காரரும் பேசிக்கொள்ள இருவருக்கும் பொதுவாக உள்ள சொற்கள் சில. அவற்றுள் முதலாவது ‘பைசா’. அதே கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் முதியவர்கள் சதம் என்றும் சல்லி என்றும் பேசுவதைக் கேட்கலாம். இலங்கையில் சதக் கணக்கு 1872இலேயே வந்துவிட்டது. கடல் கடந்து வந்தவர்கள், நாணயத்தை அங்கேயே விட்டாலும் அதன் பெயரைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கைபேசியால் பணம் செலுத்தும் முறை பரவியபின் இட்லிக்கார அம்மையாரின் பலகையிலும் ஒரு கட்டக்குறி அட்டை நிற்கிறது. அதனால் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசைத் துல்லியமாகச் செலுத்த முடியும் என்பதை நான் நன்மையாகவே கருதுகிறேன். வங்கிக் கணக்கிலும் பெட்ரோல் நிலையத்து மீட்டரிலும் காசு இன்னும் கடைசி இரு இலக்கங்களாக உயிரோடிருக்கிறது. கையில் மட்டும்தான் இல்லை. ஆனால் அந்த அம்மையாரின் கைபேசி அவருடைய பேரனிடம் இருக்கிறது. பேரன் வேலைக்குப் போன வேளையில் அட்டையை நோக்கிக் கைபேசியை நீட்டுபவரிடம் அவர், தொகை வந்து சேர்ந்ததா என்று அறிய வழியின்றி, “துட்டா குடு நைனா” என்கிறார். கணக்கில் ஏறும் தொகையினின்று பிரித்து, கையில் விழும் உலோகத்தைக் குறிக்க இப்போது அந்தச் சொல் மறுபடியும் பயன்படுகிறது. டச்சுக்காரன் கொண்டுவந்த நாளில் இருந்த பொருளுக்கே அது ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியிருக்கிறது.

ஆகவே வாசகரை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, பத்து ரூபாய் வரையிலான தொகைக்கு ஐம்பது காசு நாணயமும், ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்கு ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் செல்லும். உங்கள் பெட்டியில் கிடப்பவற்றை எடுத்துச் சில்லறைக் கடையில் கொடுங்கள். கடை வைத்திருப்பவராயின், நீட்டும் கையைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.