ஆய்வுகூடம் தேடாத நஞ்சு

உகண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜா பிராந்தியத்தில் 2019 ஆம் ஆண்டு மார்ச் மாதம், உலக உணவுத் திட்டம் வழங்கிய ஊட்டச்சத்து மாவை உட்கொண்ட மக்கள் மனக்குழப்பம், வாந்தி, காய்ச்சல் என்பவற்றுடன் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். 300 இற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதுடன் ஐவர் உயிரிழந்தனர். சோளமும் சோயாவும் கலந்த அந்த மா, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், போசாக்குக் குன்றிய சிறுவர்கள் ஆகியோருக்கென வழங்கப்பட்டதாகும். உடல் தேறுவதற்காகக் கொடுக்கப்பட்ட உணவே உயிரைப் பறித்தமை வேதனைக்குரியது.

விநியோகம் நிறுத்தப்பட்டு, மாவின் மாதிரிகள் பல்வேறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்பட்டன. நுண்ணங்கிகள், பார உலோகங்கள், பீடைகொல்லிகள் என ஐயத்துக்குரிய பலவும் தேடப்பட்டன. இறுதியில் அகப்பட்டவை அற்றோப்பின், ஸ்கொபொலமைன் எனும் அல்கலொயிட்டுகளாகும். ஊமத்தை இனச் செடிகளின் விதைகளில் செறிந்துள்ள இவை, நரம்புத் தொகுதியைத் தாக்கி வாய் வறட்சி, கண்மணி விரிவு, பிதற்றல், இதயப் படபடப்பு என்பவற்றை ஏற்படுத்துகின்றன. வயலில் களையாக முளைக்கும் இச்செடியின் விதைகள் அறுவடையின்போது தானியத்துடன் கலந்துவிடுகின்றன. மாவாக அரைக்கப்பட்ட பின்னர் அவற்றை இனங்காண இயலாது. சமைப்பதனாலும் நஞ்சு முற்றாக அழிவதில்லை.

இதனைக் கண்டறிவதற்கு, மாதிரியிலிருந்து அமிலம் சேர்த்த கரைப்பானின் மூலம் அல்கலொயிட்டுகள் பிரித்தெடுக்கப்படுகின்றன. பின்னர் திரவ நிறப்பகுப்பினால் அவை வேறாக்கப்பட்டு, திணிவுத் திருசியமானியினால் அடையாளம் காணப்படுகின்றன. குறிப்பிட்ட சில தானியங்கள் அடங்கிய குழந்தை உணவுகளில் இவ்விரு நஞ்சுகளும் ஒரு கிலோகிராமுக்குத் தலா 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் விதித்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும்.

எனினும் கருவியின் நுட்பம் மாத்திரம் போதுமானதன்று. விதைகள் எல்லா மூடைகளிலும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு மூடையில் எடுத்த மாதிரி தூய்மையாக இருக்க, அடுத்த மூடையில் நஞ்சு இருக்கலாம். மேலும், ஈரப்பதன், புரதம், அஃப்ளரொக்சின் ஆகியவற்றுக்கான வழமையான பரிசோதனைகள் இந்நஞ்சைக் காட்டமாட்டா. ஆய்வுகூடம் தேடுவதையே கண்டுபிடிக்கும். உகண்டா அனர்த்தத்தின் பின்னரே, 2020 இல் ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் இது தொடர்பாக நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்தன.

ஊமத்தை எமது மண்ணுக்கும் புதிதல்ல. எமது தாய்மாருக்கும் சிறார்களுக்கும் வழங்கப்படும் திரிபோஷாவும் சோளமும் சோயாவும் கலந்த உணவேயாகும். ஆகவே, ஓர் உணவு பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்பதுடன் நின்றுவிடாது, எந்தெந்த நஞ்சுகளுக்காக, எத்தனை மூடைகளில் பரிசோதிக்கப்பட்டது என்றும் கேட்பது பொறுப்புவாய்ந்தோரின் கடமையாகும்.